போர்டு சான்றை மாற்றிக்கொண்ட ஒரு மருத்துவர்: டெக்சாஸ் சிறுநகரத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் மருத்துவரின் அனுமதியோடு எழுதுகிறேன். ஊர், மருத்துவமனை, ஆட்கள் எதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. நான் அதே மருத்துவமனையில் ஹாஸ்பிட்டலிஸ்ட், அதாவது உள்நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்; கிரெடென்ஷியல் கமிட்டியிலும் இருக்கிறேன். அதாவது, மருத்துவர்களின் தகுதிகளைச் சரிபார்த்து, அவர்களுக்கு மருத்துவமனையில் பணிபுரியும் உரிமையைப் பரிந்துரைக்கும் குழு. இந்த விஷயத்தில் அரைகுறை ஆலோசனை சொன்னவன் நான்தான். அதனால் எழுதும் பொறுப்பும் எனக்கு இருக்கிறது.

பின்னணி

அவர் தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். முடித்தவர். அமெரிக்காவில் மூன்று ஆண்டு இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி. 2003-இல் அது முடிந்ததும், பயிற்சிக்கான ஜே-1 விசாவின் 'சொந்த நாடு திரும்ப வேண்டும்' என்ற நிபந்தனையிலிருந்து விலக்கு பெற டெக்சாஸின் ஒரு சிறுநகரத்துக்கு வந்தார். 'கான்ராட் 30' திட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 30 இடங்கள். மருத்துவர் குறைவான பகுதியில் மூன்று ஆண்டு வேலை செய்ய வேண்டும். மூன்று ஆண்டு முடிந்ததும் பலர் பெருநகரத்துக்குப் போய்விடுவார்கள். இவர் போகவில்லை. அக்கா என்றுதான் நாங்கள் எல்லோரும் கூப்பிடுவோம். ஊரில் பாதிப் பேருக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை எழுதிக் கொடுப்பவர் அவர்தான்.

இந்தியாவில் படித்தவர்களுக்கு இந்த 'போர்டு' விஷயம் எளிதில் பிடிபடாது. நம் ஊரில் எம்.டி. என்பது பல்கலைக்கழகப் பட்டம். வாங்கினால் ஆயுளுக்கும் நம்முடையது. இங்கே எம்.டி. என்பது அடிப்படைப் பட்டம்தான். மருத்துவம் பார்க்க உரிமம் தருவது மாநில அரசின் வாரியம். 'போர்டு சர்ட்டிஃபைட்' என்பது இந்த இரண்டுக்கும் வெளியே இருக்கும் ஒரு தனியார் சான்று. சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனம், கல்லூரி என்று யாரிடம் போனாலும் அதைக் கேட்பார்கள்.

அந்தச் சான்றைத் தரும் பெரிய குடை அமைப்பு ஏபிஎம்எஸ். 1933-இல் தொடங்கியது, இப்போது அதன் கீழ் 24 போர்டுகள். இன்டர்னல் மெடிசினுக்கானது ஏபிஐஎம், 1936-இல் வந்தது. ஆஸ்டியோபதி மருத்துவர்களின் (எம்.டி.க்கு இணையான டி.ஓ. பட்டம் பெற்றவர்கள்) அமைப்பான ஏஓஏ-வுக்குத் தனி போர்டுகள் உண்டு. 1990-க்கு முன் ஏபிஐஎம் சான்று வாங்கியவர்களுக்கு அது ஆயுள் சான்று. அதற்குப் பின் வந்தவர்களுக்குப் பத்து ஆண்டுதான். அக்காவின் கிளினிக்கில் கூட்டாளியாக இருந்த மூத்த மருத்துவர் எண்பதுகளில் சான்று வாங்கியவர். ஒரே கட்டடம், அடுத்தடுத்த அறை, ஒரே மாதிரி நோயாளிகள். ஒருவருக்கு மறுபடி தேர்வே கிடையாது. இன்னொருவருக்குப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை உண்டு.

2013-இல் அவர் மறுசான்றுத் தேர்வு எழுதினார். அதற்காக ஒரு வாரம் கிளினிக்கை மூடினார். தேர்வு மையம் இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில். கைப்பையை லாக்கரில் வைத்து, உள்ளங்கையை ஸ்கேன் செய்து, நாள் முழுக்கத் திரை முன்னால். தேறினார். மறு ஆண்டே, 2014-இல், ஏபிஐஎம் புதிய நிபந்தனைகளைக் கொண்டு வந்தது: பத்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்வு எழுதினால் போதாது, தொடர்கல்வி போன்றவற்றுக்குக் கிடைக்கும் புள்ளிகளையும் இடையிடையே சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாடு முழுக்க மருத்துவர்கள் கொதித்தார்கள். 2015 பிப்ரவரியில் ஏபிஐஎம் தலைவர் ரிச்சர்ட் பாரன் 'நாங்கள் தவறு செய்துவிட்டோம்' என்று வெளிப்படையாக எழுதி, சில நிபந்தனைகளை நிறுத்தி வைத்தார். அதற்கு ஒரு மாதம் முன்புதான், கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கிளினிக்கைச் சேர்ந்த இதய மருத்துவர் பால் டீர்ஸ்டீன் என்பிபிஏஎஸ் என்ற மாற்று அமைப்பைத் தொடங்கியிருந்தார்.

என்பிபிஏஎஸ் தேர்வு வைப்பதில்லை. முன்பு ஏபிஎம்எஸ் அல்லது ஏஓஏ போர்டில் ஒருமுறையாவது சான்று பெற்றிருக்க வேண்டும், உரிமம் சுத்தமாக இருக்க வேண்டும், 24 மாதத்தில் 50 மணி நேரம் அங்கீகரிக்கப்பட்ட தொடர்கல்வி முடித்திருக்க வேண்டும். பழைய சான்று காலாவதியாகியிருந்தால் 100 மணி நேரம். டெக்சாஸில் உரிமத்தைப் புதுப்பிக்கவே 24 மாதத்துக்கு 48 தொடர்கல்வி கிரெடிட், அதாவது சுமார் 48 மணி நேரம், தேவை. அக்காவின் கணக்கு எளிது: எப்படியும் செய்கிற வேலைக்கு மேல் இரண்டே மணி நேரம்.

கேள்வி எழுந்த விதம்

அவருடைய ஏபிஐஎம் சான்று 2023 டிசம்பர் 31-இல் முடிவதாக இருந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதம் மருத்துவமனை கேன்டீனில் என்னிடம் கேட்டார்.

"தம்பி, என்பிபிஏஎஸ் வாங்கிட்டு ஏபிஐஎம்மை விட்டுடலாம்னு இருக்கேன். நம்ம ஆஸ்பத்திரியில செல்லுமா?"

"செல்லும் அக்கா. நான் பார்த்துச் சொல்றேன்."

பார்த்தேன். பார்த்தவரை தவறில்லை. எங்கள் மருத்துவமனை பைலாஸ் (உள்விதிகள்) முதல் நியமனத்துக்கு ஏபிஎம்எஸ் அல்லது ஏஓஏ சான்றைக் கேட்கிறது. மறுநியமனத்தின்போது அதைத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. மத்திய அரசின் மெடிகேர் (முதியோருக்கான அரசுக் காப்பீடு) விதியிலும், ஒரு மருத்துவரின் பணி உரிமை போர்டு சான்றை மட்டுமே சார்ந்திருக்கக் கூடாது என்று இருக்கிறது. அதற்கு மேல் டெக்சாஸில் ஒரு சட்டம் உண்டு. 2017-இல் நிறைவேறிய எஸ்பி 1148, 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. சான்றைப் புதுப்பிக்கவில்லை என்ற காரணத்துக்காக மருத்துவமனையோ காப்பீட்டு நிறுவனமோ ஒரு மருத்துவரைப் பாகுபடுத்தக் கூடாது என்பது அதன் சாரம்.

அந்தச் சட்டத்துக்கு விலக்குகளும் உண்டு. மருத்துவமனையின் மருத்துவர்களே வாக்களித்து 'புதுப்பித்தல் வேண்டும்' என்று முடிவு செய்தால் கேட்கலாம். அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு அதை நிபந்தனையாக வைத்திருந்தாலும் கேட்கலாம். எங்கள் மருத்துவமனையில் அப்படி வாக்கெடுப்பு நடக்கவில்லை. முதல் விலக்கைப் பார்த்தேன். இரண்டாவதை வாசித்தேன், ஆனால் அது யாருக்குப் பொருந்தும் என்று யோசிக்கவில்லை. கமிட்டித் தலைவரிடமும் கேட்டேன். வாய்மொழியாகச் "சரி" என்றார். அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன்.

எடுத்த முடிவும் காரணங்களும்

அன்று அவர் முன் மூன்று வழிகள் இருந்தன.

பத்து ஆண்டுத் தேர்வை மறுபடி எழுதுவது. இதை அவர் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை.

2022-இல் ஏபிஐஎம் தொடங்கிய எல்கேஏ, அதாவது ஒரே நீண்ட தேர்வுக்குப் பதில் சிறிது சிறிதாகக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் முறை. காலாண்டுக்கு 30 கேள்வி, ஐந்து ஆண்டில் 600. அதில் 500-ஐத் திறந்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம். வீட்டிலிருந்தே, புத்தகம் பார்த்தே பதில் சொல்லலாம். இன்னொரு ஆளிடம் மட்டும் கேட்கக் கூடாது. கட்டணம் ஆண்டுக்கு 220 டாலர். காலக்கெடு வரும் ஆண்டின் ஜூன் 30-க்குள் பதிந்து, தொடர்ந்து பதில் சொல்லி வந்தால், அந்த ஐந்து ஆண்டும் சான்று நடப்பில் இருக்கும்.

மூன்றாவது, என்பிபிஏஎஸ்.

அவர் என்பிபிஏஎஸ்ஸைத் தேர்ந்தெடுத்தார். பணம் ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் இல்லை. "நான் தினமும் இருபது பேரைப் பார்க்கிறேன். என் வேலையை என் நோயாளி பார்க்கிறார், செவிலியர் பார்க்கிறார், நீங்கள் பார்க்கிறீர்கள். நாலு நிமிடக் கேள்வி எதைப் பார்க்கப் போகிறது?" என்று கேட்டார். இதை வெறும் அலுப்பு என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். ஆயுள் சான்றுக்காரர் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்க, இருபது ஆண்டு ஒரே ஊரில் உழைத்தவருக்கு வரும் நியாயமான கோபம் அது. எல்கேஏ-வில் பதிவு செய்ய ஜூன் 30 கடைசி என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நாள் வந்தது, போனது.

2023 நவம்பரில் என்பிபிஏஎஸ் சான்று வந்தது. டிசம்பர் 31-உடன் ஏபிஐஎம் சான்று முடிந்தது. ஏபிஐஎம் தளத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு மருத்துவரின் பெயரைப் போட்டு நிலையைப் பார்க்கலாம். ஜனவரியில் நான் பார்த்தபோது அவர் பெயருக்கு எதிரே 'சான்று இல்லை' என்று இருந்தது. தகவலாக அது சரிதான். ஆனாலும் படிக்கும்போது மனதுக்கு என்னவோ போலிருந்தது.

அதன் பின் நடந்தவை

முதலில் வந்தது சின்ன விஷயம். கிளினிக்கின் கண்ணாடிக் கதவில் அவர் பெயருக்குக் கீழே 'போர்டு சர்ட்டிஃபைட், இன்டர்னல் மெடிசின்' என்று வெள்ளை எழுத்து ஒட்டியிருந்தது. விளம்பரத்தில் யார் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்பதற்கு டெக்சாஸ் மருத்துவ வாரியத்திடம் தனி விதி இருக்கிறது. எந்த போர்டு என்பதை அது பார்க்கும். வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டார்கள். தெளிவாகும்வரை எடுத்துவிடுவது நல்லது என்றார் அவர். ஒரு சனிக்கிழமை பிளேடால் அந்த வரியைச் சுரண்டி எடுத்தார்கள். எழுத்து போய்விட்டது, ஆனால் இருபது ஆண்டு வெயிலில் அதைச் சுற்றியிருந்த கண்ணாடி மங்கிவிட்டதால் அதன் வடிவம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வாசலில் நின்ற ஒரு முதியவர், "டாக்டர் வேற ஊருக்குப் போறாங்களா?" என்று விசாரித்தாராம்.

பெரிய விஷயம் 2024 மார்ச்சில் வந்தது. நகரத்தில் இருக்கும் ஒரு ரெசிடென்சி திட்டம், தங்கள் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்ட்களை மாதம் ஒருவராக எங்கள் ஊருக்கு அனுப்ப விரும்பியது. கிராமப்புற மருத்துவத்தை அவர்கள் நேரில் பார்க்க வேண்டும், முடிந்தால் ஓரிருவர் இங்கேயே தங்க வேண்டும் என்பது நோக்கம். யாரிடம் அனுப்புவது என்று கேட்டபோது எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னோம். அக்காவும் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. பின்னால் இருந்த சாமான் அறையைக் காலி செய்து, ரெசிடென்ட்டுக்கு ஒரு மேஜை போட்டார்.

அப்புறம் படிவம் வந்தது. ரெசிடென்சி திட்டங்களுக்கு அங்கீகாரம் தரும் ஏசிஜிஎம்இ, அவற்றில் கற்பிக்கும் மருத்துவர்கள் ஏபிஐஎம் அல்லது ஆஸ்டியோபதி இன்டர்னல் மெடிசின் போர்டின் நடப்புச் சான்று வைத்திருக்க வேண்டும் என்கிறது. இல்லையென்றால், அதன் மதிப்பாய்வுக் குழு ஏற்கும் தகுதி வேண்டும். என்பிபிஏஎஸ் அந்தப் பட்டியலில் இல்லை. நான் வாசித்துவிட்டு நகர்ந்த அந்த இரண்டாவது விலக்கின் பொருள் அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருத்துவமனையில் எஸ்பி 1148 அவருக்குக் காவல்; அங்கீகார அமைப்பின் நிபந்தனை என்று வரும் இடத்தில் அதைக் காட்டி வாதாட முடியாது.

திட்ட இயக்குநர் நல்லவிதமாகத்தான் பேசினார். தனி விலக்குக்கு எழுதிப் பார்க்கலாம், ஆனால் திட்டம் புதியது, முதல் ஆண்டிலேயே விலக்கு கேட்கத் தயக்கமாக இருக்கிறது என்றார். 2024 ஜூலையில் முதல் ரெசிடென்ட் நாற்பது மைல் தள்ளியிருந்த வேறொரு கிளினிக்குக்குப் போனார். சாமான் அறை மேஜையில் மறுபடி காகிதப் பெட்டிகள் ஏறின.

திரும்பும் வழி

அந்த வாரமே அவர் வீட்டுக்குப் போனேன். முதலில் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: மருத்துவமனையை மட்டும் பார்த்துவிட்டுச் "செல்லும்" என்று சொன்னது என் தவறு. அவர் காபி கொடுத்துவிட்டு, "முடிவு என்னுடையது தம்பி, அதை நீங்க எடுத்துக்காதீங்க" என்றார். பிறகு இருவரும் வழிகளை எழுதினோம்.

சான்று முடிந்துவிட்டதால் எல்கேஏ அவருக்கு உடனடிப் பயன் தராது. விரைவில் சான்றைத் திரும்பப் பெற ஒரே வழி, எதை வேண்டாம் என்று விலகினாரோ அதே நீண்ட தேர்வுதான். கட்டணம் 700 டாலர், ஆண்டுக் கட்டணம் தனி. ஐந்து ஆண்டில் சேர்க்க வேண்டிய 100 புள்ளிகளில் பெரும்பகுதி, அவர் முடித்திருந்த தொடர்கல்வி மூலம் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. கொள்கையை விட்டுக்கொடுப்பதா என்ற கேள்வி அவருக்குள் இருந்தது. நான்கு நாள் யோசித்தார். கற்பிக்கும் ஆசை ஜெயித்தது. 2024 இலையுதிர்காலத் தேர்வுக்குப் பதிவு செய்தார்.

படிப்பு விடியற்காலை ஐந்து மணிக்கு, சமையலறை மேஜையில். கேள்வி வங்கியில் ஒருநாள் வந்த கேள்வி இது: 71 வயதுப் பெண், இதயம் சுருங்கும் திறன் சரியாக இருக்கிறது, ஆனாலும் கால் வீக்கம், மூச்சு வாங்குதல், சர்க்கரை நோய் இல்லை, அடுத்து என்ன மருந்து? பதில் எஸ்ஜிஎல்டி2 தடுப்பு மருந்து. சர்க்கரை இருப்பவர்களுக்கு அவர் அதைத் தாராளமாக எழுதுவார். சர்க்கரை இல்லாத இதயச் செயலிழப்புக்கு, சுருங்கும் திறன் எதுவாக இருந்தாலும், அந்த வகை மருந்தான எம்பாக்ளிஃபுளோசினை 2022 பிப்ரவரியிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்திருந்தது. அவர் போன தொடர்கல்விக் கருத்தரங்குகளிலும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டிருக்கிறார், தலையாட்டியிருக்கிறார். எழுதத் தொடங்கவில்லை. அன்று காலை கிளினிக்குக்குப் போனதும் நோயாளிப் பட்டியலை எடுத்துத் தேடினார். அந்த மருந்து பொருந்தக்கூடியவர்கள் பதினொரு பேர் இருந்தார்கள். இதை அவரே என்னிடம் சொன்னார். எழுதவும் சொன்னார்.

மறுபக்கத்தையும் எழுத வேண்டும். கேள்விகளில் கணிசமானவை, அவர் தன் வாழ்நாளில் தனியாக முடிவெடுக்கவே போகாத விஷயங்கள்: அரிய லிம்போமாவுக்கு (நிணநீர்ப் புற்றுநோய்) எந்த மருந்துக் கூட்டு என்பது போல. அப்படி ஒருவர் வந்தால் அன்றே நகரத்துக்கு அனுப்புவதுதான் எங்கள் ஊரில் சரியான மருத்துவம். அதை எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

தேர்வு நாளில் 2013-ஐவிட ஒன்று மாறியிருந்தது. அப்டுடேட் என்ற மருத்துவத் தகவல் களஞ்சியத்தைத் தேர்வுக்குள்ளேயே திறந்து பார்க்கலாம். 2018-லிருந்து வந்த வசதி. மற்றபடி அதே லாக்கர், அதே உள்ளங்கை ஸ்கேன். தேறினார். 2025 ஜூலையில் ஒரு ரெசிடென்ட் அந்தச் சாமான் அறை மேஜையில் உட்கார்ந்தார். என்பிபிஏஎஸ் சான்றையும் அக்கா வைத்திருக்கிறார். மாற்று அமைப்பு ஒன்று இருந்தால்தான் பெரிய அமைப்பு காது கொடுக்கும் என்பது அவர் எண்ணம். 2015-இல் நடந்ததைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கும் அதில் உடன்பாடு உண்டு.

இன்று என்றால் எப்படிச் செய்வோம்

எந்த போர்டு உயர்ந்தது என்று நாங்கள் அதிகம் பேசினோம். அந்தச் சான்றை யார் யாரெல்லாம் வாசிக்கப் போகிறார்கள் என்று போதிய அளவு பேசவில்லை. அக்காவின் விஷயத்தில் மருத்துவமனையும் காப்பீட்டு நிறுவனங்களும் அவரை அப்படியே ஏற்றன. என்பிபிஏஎஸ் ஒரு நாளும் அவர் நோயாளிகளைப் பாதிக்கவில்லை. தடுத்தது, 2023 மார்ச்சில் எங்கள் இருவர் மனதிலும் இல்லாத ஒரு வாசகர்: ரெசிடென்சி திட்டம். இருபது ஆண்டு ஒரே ஊரில் இருப்பவருக்கு இனி என்ன மாறப்போகிறது என்று நினைத்தோம்.

இரண்டாவது, ஜூன் 30. அன்று 220 டாலர் கட்டி எல்கேஏ-வில் பதிந்து வைத்திருந்தால், ஓராண்டு கழித்து வேண்டாம் என்று விலகியிருக்கலாம். விலகுவதற்கு எந்த நாளும் நல்ல நாள். திரும்பி வரத்தான் 700 டாலரும் நான்கு மாத விடியற்காலைகளும் ஆயின. கோபத்தில் நியாயம் இருந்ததால் அந்தத் தேதியை யாரும் தனியாக எடுத்து வைத்துப் பார்க்கவில்லை.

மூன்றாவது கமிட்டியின் பங்கு. வாய்மொழிப் பதில் இனி இல்லை. ஒரு பக்கப் படிவம் ஒன்று செய்திருக்கிறோம். சான்றை மாற்ற அல்லது விட நினைப்பவர், அவரைச் சார்ந்த ஒவ்வொரு இடத்திலிருந்தும் எழுத்தில் பதில் வாங்க வேண்டும்: மருத்துவமனை, ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனம், மருத்துவப் பிழைக் காப்பீடு, முதியோர் இல்லம், கற்பித்தல் திட்டம், வேறு மாநிலத்தில் வேலை செய்யும் எண்ணம் இருந்தால் அங்குள்ள மருத்துவமனை, விளம்பரத்துக்கு மாநில வாரியத்தின் விதி. எதிரே, பதில் தந்தவர் பெயரும் தேதியும். எங்கள் மருத்துவமனை பதிலில் இப்போது ஒரு வாக்கியம் கூடுதலாக இருக்கிறது: மருத்துவர்கள் நாளை வாக்களித்துப் பைலாஸை மாற்றினால் இந்தப் பதிலும் மாறும்.

இந்த வசந்தத்தில் எங்கள் இளம் மருத்துவர் ஒருவர் அதே கேள்வியோடு வந்தார். படிவத்தைக் கொடுத்தேன். ஏழு இடங்களில் ஐந்திலிருந்து பதில் வந்துவிட்டது. ஒரு காப்பீட்டு நிறுவனமும் ஒரு முதியோர் இல்லமும் பாக்கி. ஜூன் 30-க்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.